ஹ்ராந்தின் அண்டைவீட்டு நட்சத்திரம்

புருஷன் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று வர்செனிக்கைப் பற்றி எங்கள் மலையில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளும் நானும் அடுத்தடுத்த மேஜையில் வேலை பார்த்தவர்கள். வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தட்டுகளை உருப்பெருக்கியின் அடியில் வைத்து அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. தட்டை எடுத்தவர் ஹ்ராந்த். அளந்தவள் அவர் மனைவி வர்செனிக். வீட்டுச் சண்டையைக்கூட மைக்ரானில் அளந்து போட்டவர்கள் என்று கேலி செய்வோம்.

அரகாட்ஸ் மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் வான்நோக்ககம். போர் நடந்த அந்தக் குளிர்காலங்களில் நாடு முழுக்க மின்சாரம் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் வரும். எப்போது வரும் என்று கடவுளுக்கும் தெரியாது. வந்த நேரத்தில் வானத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படிப் பிடித்த ஒரு தட்டில்தான் ஹ்ராந்த் அந்த மங்கிய சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்தார். பழைய தட்டோடு ஒப்பிட்டு வர்செனிக் அளந்தாள். நட்சத்திரம் இடம் மாறியிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்கிறது என்றால் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருந்தும் இவ்வளவு மங்கல் என்றால் அது சின்னஞ்சிறு குள்ள நட்சத்திரம். சூரியனுக்கு மிக நெருங்கிய கூட்டத்தில் ஒன்று. அன்றைக்கு உணவுக்கூடத்தில் மல்பெரிச் சாராயத்தைத் தூக்கிப் பிடித்து டைரக்டர் தோர்கோம், "நம்ம புது அண்டை வீட்டுக்காரருக்கு! வாடகை கேட்காதவருக்கு!" என்றார். எல்லாரும் குடித்தோம். வானியல் பத்திரிகைக்கும் எழுதி அனுப்பினோம். ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம். ஒரு நல்ல செய்தி எங்களுக்கும் தேவைப்பட்டது.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. நட்சத்திரத்தின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்துப் படமெடுத்தால் சின்னப் பட்டை ஒன்று விழும், அதில் குறுக்கே கோடுகள் இருக்கும். குள்ள நட்சத்திரத்தில் வாயு நெருக்கியடித்துக் கிடப்பதால் கால்சியத்தின் கோடு தடிப்பாக இருக்கும். அந்தத் தட்டை எடுத்துக் கழுவிக் காயவைத்த வாரத்தில் ஹ்ராந்துக்கு நெஞ்சுவலி வந்தது. தலைநகர் யெரெவானில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தட்டு வர்செனிக்கின் மேஜையில் கிடந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில், கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்து அவள் தனியாக அளந்தாள். கால்சியக் கோடு இழையாக இருந்தது. திரும்பவும் அளந்தாள். இழைதான். அது குள்ளனே இல்லை, ராட்சசன். சூரியனைப் போல எழுபது மடங்கு விட்டம், எழுநூறு மடங்கு ஒளி. எடை மட்டும் ஏறக்குறைய சூரியனளவு. அவ்வளவு கொஞ்சப் பொருளை அவ்வளவு பெரிதாக ஊதியிருப்பதால் மேற்புறத்து வாயு நாம் மூச்சு விடும் காற்றைக் காட்டிலும் எத்தனையோ ஆயிரம் மடங்கு நீர்த்துப்போயிருக்கும். சூட்டிலும் சூரியனுக்கு இளைத்ததுதான், அதனால்தான் சிவப்பு. இருபதாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் எரிவதால்தான் அவ்வளவு மங்கல். அண்டை வீடாம் அண்டை வீடு!

அப்படியென்றால் நகர்ந்தது எது? எதுவும் நகரவில்லை. பழைய தட்டு எடுத்தபோது நட்சத்திரம் உச்சியில் இருந்தது. புதியதில், மின்சாரம் வந்த நேரத்தில், அது அடிவானத்துக்கு இறங்கியிருந்தது. அங்கே ஒளி கடந்துவர வேண்டிய காற்று அதிகம். நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைத்து மேலே தூக்கும். சுற்றியிருந்த நீல நட்சத்திரங்கள் கொஞ்சம் கூடுதலாக ஏறின, சிவப்பு பின்தங்கியது. எங்கள் தொழிலில் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. ஆசை கண்ணை மறைத்தது. எங்கள் எல்லார் கண்ணையும்தான்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் ஹ்ராந்த் அவளிடம் முதலில் கேட்டது, "கோடு எப்படி இருக்கு?"

"தடிச்சிருக்கு" என்றாள் வர்செனிக்.

அவர் பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பி, "கேட்டியா? தடிச்சிருக்காம்" என்றாராம். அந்த வாரமே போய்விட்டார். அடக்கத்தின்போது அவள் மரம் மாதிரி நின்றாள். அதற்குப் பிறகும் வந்தாள், அளந்தாள், வறுத்த பார்லியில் போட்ட காப்பியைக் குடித்தாள், போனாள். எதைக் கேட்டாலும் பதில் சொன்னாள். உள்ளே ஆள் இல்லை.

முதலாண்டு நினைவு நாள் நெருங்கியது. கல் நட வேண்டும். எங்கள் பக்கத்தில் கருங்கல்லைப் பளபளப்பாக்கி இறந்தவரின் முகத்தைப் புள்ளி புள்ளியாகக் கொத்துவார்கள், செய்த தொழிலையும் போடுவார்கள். டைரக்டர் வாசகம் எழுதிக் கல்தச்சர் கார்னிக்கிடம் கொடுத்துவிட்டு, செய்தி சொல்ல எங்கள் அறைக்கு வந்தார். "சூரியனின் அண்டை வீட்டைக் கண்டவர்" என்று முகத்துக்குக் கீழே வருமாம். அப்போதுதான், என் முன்னால், வர்செனிக் முதல்முறையாக வாயைத் திறந்தாள். கோடு, காற்று, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தட்டின் எண் படிப்பது போலச் சொன்னாள்.  

தோர்கோம் கெட்டவர் இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பு, யாரு வேண்டாம்னது? கல்லை விட்டுடும்மா. கல்லறைக்கு வர்றவன் தொலைநோக்கியோடயா வரப்போறான்?"

"அனுப்பியாச்சு. கல்லையும் மாத்தணும்."

"அவனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே!"

"தெரியும் டைரக்டர்" என்றாள்.

அவளைத் தனியே விட மனமில்லாமல் கார்னிக்கின் பட்டறைக்கு நானும் போனேன். கல் சுவரில் சாய்ந்திருந்தது. ஹ்ராந்த் அப்படியே இருந்தார், அந்தக் கோணல் சிரிப்போடு. இவ்வளவு நன்றாகக் கொத்தித் தொலைத்தானே என்று கார்னிக் மேல் எரிச்சலாக வந்தது. கீழே அந்த வரி முடிந்திருந்தது.

"வரியை மட்டும் எடுக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"அந்த இடத்தை மட்டும் தேய்ச்சா குழி விழும் அக்கா. மொத்த முகப்பையும் இறக்கணும். முகம் போயிடும். மறுபடி கொத்தச் சொல்லாதீங்க, வேற கல்லும் இல்ல, என் கண்ணும் முன்ன மாதிரி இல்ல."

"தேய்ங்க" என்றாள் வர்செனிக். "பேரும் வருஷமும் போதும்."

"பைத்தியமாடி உனக்கு?" என்று நான் கத்திவிட்டேன். "சாகக் கிடந்தவர்கிட்ட ஒரு வார்த்தை மாத்திச் சொன்ன. அது பாவமில்ல. அதுக்குத் தண்டனையா அவர் முகத்தையா அழிப்ப?"

அவள் கோபப்படவில்லை. "அன்னைக்குச் சொன்னது அவருக்காக, ஷோகெர். இந்த வரி நின்னா எனக்காக நிக்கும். தப்பா ஒரு எண் எழுதினா அன்னைக்கெல்லாம் சாப்பிடாத மனுஷன் அவர்."



தேய்க்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் இல்லை. "கையாலதான், வாரக்கணக்கா ஆகும்" என்றார் கார்னிக். கல்லைக் கிடத்தி, மணலும் தண்ணீரும் ஊற்றி, தேய்க்கிற தட்டைக் கல்லை எடுத்தார். வர்செனிக் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மண்டியிட்டு உட்கார்ந்து தேய்த்தாள். முகத்தின் புள்ளிகள் ஆழமில்லாதவை. எழுத்து இருக்கும்போதே முகம் முதலில் போகத் தொடங்கியது. மோவாய் போனது, சிரிப்பு போனது. ஒரே வேகத்தில், கண்ணாடித் தட்டு துடைப்பவள் போலத் தேய்த்துக்கொண்டு மேலே வந்தாள்.

கண்களுக்கு வந்ததும் கை நின்றது. விரலால் சேற்றை வழித்துவிட்டாள். குனிந்து, அவர் தூங்கிக்கொண்டிருப்பது போல மெல்லிய குரலில் சொன்னாள்:

"ஹ்ராந்த், அன்னைக்கு நான் பொய் சொன்னேன். கோடு மெல்லிசாத்தான் இருந்துச்சு."