புரோகிராம் இல்லாத கம்ப்யூட்டரை விற்றவள்

கம்ப்யூட்டர் விற்பது பெரிய காரியமில்லை; அதில் ஓட்டுவதற்குப் புரோகிராமே இல்லாத கம்ப்யூட்டரை விற்றுப் பாருங்கள், அப்போது தெரியும் நான் பட்ட பாடு.

எண்பதுகளின் நடுவில் நார்த் பிரிட்ஜ் ரோட்டுக் கடைத்தொகுதி ஒன்றில் வேலை பார்த்தேன். ஊரே ஒரு வகைக் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் முதலாளி மிஸ்டர் டான் 'லூமா' என்று வேறொன்றைத் தருவித்தார். அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டமே தனி. மற்ற கம்ப்யூட்டர்களுக்காக எழுதிய புரோகிராம் எதுவும் அதில் ஓடாது. ஆனால் மற்றவை பச்சை எழுத்தை மட்டும் காட்டிய காலத்தில், இதன் திரையில் பூவும் யானையும் வரையலாம். முதல் நாளே மயங்கிவிட்டேன். விலைபோகாத சரக்கின் மேல் ஆசை வைத்த விற்பனையாளர் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நானும் ஒரே சாதி.

அழகு இருக்கிறது, வேலை?

முதலில் வந்தவர் ஜோசப், ஒரு வக்கீல் அலுவலகத்தின் மேனேஜர். திரையில் வட்டம் போட்டார், அதற்குள் வண்ணம் நிரப்பினார், குழந்தை மாதிரி சிரித்தார். சாப்பாட்டு நேரம் முழுவதும் எழுந்திருக்கவில்லை. வாங்கிவிடுவார் என்று நினைத்து ரசீதுப் புத்தகத்தைக்கூட எடுத்து வைத்தேன்.

பிறகு தன் அலுவலகத்தில் ஓடும் கணக்குப் புரோகிராம் இதில் ஓடுமா என்றார். ஓடாது என்றேன். கடிதம் அடிக்கும் புரோகிராம்? இன்னும் வரவில்லை என்றேன். நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளிவிட்டு ஜோசப் சொன்னார்: "மெஷின் அழகா இருக்கு லா. ஆனா அதுக்கு ஒரு வேலையும் தெரியலையேம்மா."

பல் டாக்டரும் மாற்று அட்டையும்

அடுத்து ஒரு சர்க்யூட் அட்டை வந்தது. அதை லூமாவுக்குள் செருகினால் மற்ற கம்ப்யூட்டர்களின் புரோகிராம்களும் ஓடும் என்றார்கள். ஓடியது உண்மை. அதை ஓட்டம் என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி. லூமா ஒவ்வொரு கட்டளையையும் தன் பாஷைக்கு மாற்றி, புரிந்துகொண்டு, பிறகு செய்ய வேண்டும்.

குவீன்ஸ்டவுனில் ஒரு பல் டாக்டருக்குச் செய்து காட்டப் போனேன். உள்ளே ஒருவர் பல்லைக் காட்டியபடி படுத்திருந்தார். வெளியே அவருடைய ரசீதை லூமாவை அடிக்கச் சொல்லிவிட்டு நானும் நர்ஸும் காத்திருந்தோம். திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது பெயர் மட்டும் வந்திருந்தது. நர்ஸ் அனுதாபத்தோடுதான் சொன்னார்: "டாக்டர் பல்லையே புடுங்கிட்டாரு. உங்க மெஷின் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கு."

முதலாளிக்குப் படிக்கத் தெரியாத எழுத்து

மாதக் கடைசிக்குள் லூமா விற்காவிட்டால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, கடையில் பிரிண்டர் ரிப்பனும் பேப்பரும் மட்டும் விற்பது என்று டான் முடிவு செய்தார். அதற்கு நாங்கள் இரண்டு பேர் தேவையில்லை. என்னோடு வேலை பார்த்த அந்த இன்னொருவர் கணேசன், எங்கள் புரோகிராமர். அன்று சிராங்கூன் ரோட்டில் சாப்பிடும்போது வேறு வேலை தேடுவதைப் பற்றியே நான் பேசிக்கொண்டிருந்தேன். அவரோ பக்கத்துக் கடைவீட்டில் இருந்த அச்சகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கல்யாணப் பத்திரிகைக்காக ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் புரோகிராமை இரவல் வாங்கி ஓட்டியது போதும், லூமாவுக்கென்றே நாம் ஒன்று எழுதுவோம் என்றார். படம் வரையும் திரை தமிழை வரையாதா?

கணேசன் தன் புக்கிட் பாத்தோக் வீட்டில் சதுரக்கட்டத் தாளில் புள்ளி புள்ளியாக எழுத்துகளை அமைத்தார். வேலையிடத்தில் அவற்றைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினோம். ஒரு மத்தியானம் நான் கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினேன். திரையில் 'ழ' வந்து உட்கார்ந்தது. கணேசனைக் கத்திக் கூப்பிட்டேன். அழித்துவிட்டு மறுபடி தட்டினேன், மறுபடியும் வந்தது. என் பெயரை 'ஸ்டெல்லா' என்று அடித்துப் பார்த்தேன். சத்தம் கேட்டு வந்த டான் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "எனக்கு இந்த எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனா இதை வேற எந்தக் கடையிலயும் நான் பார்த்ததில்ல."

கலைச்செல்வியின் தும்பிக்கை

அந்த அச்சகத்துக்கே லூமாவைத் தூக்கிக்கொண்டு போனோம். அச்சக முதலாளி சண்முகம் அண்ணன் ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துப் பார்ப்போம், பிடித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். மணப்பெண் பெயர் கலைச்செல்வி. பெண்ணின் அப்பா தாளை வாங்கிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. பள்ளிக்கூடங்களில் அப்போதுதான் புது எழுத்து வந்திருந்தது. நாங்களும் 'லை'யைப் புது வடிவில்தான் போட்டிருந்தோம். அவருக்கோ தும்பிக்கை வைத்த பழைய 'லை' வேண்டும். தான் மகளுக்கு வைத்த பெயர் இதுவல்ல என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வியாபாரம் போயிற்று என்று நினைத்தேன். கணேசன் அங்கேயே உட்கார்ந்து, எழுத்துக்குத் தும்பிக்கையைப் புள்ளி புள்ளியாக வைத்தார். அப்பா தன் நாற்காலியை நகர்த்தி நகர்த்தித் திரைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் வளையட்டும் என்று அவரே விரலால் காட்டினார். பத்திரிகை அச்சானது, சண்முகம் அண்ணன் லூமாவை வாங்கிக்கொண்டார். பத்திரிகைகளை எடுத்துப் போக வந்தது மணப்பெண். பள்ளி ஆசிரியை. தன் பெயரைப் பார்த்துக் கவலையோடு சொன்னாள்: "அண்ணே, என் கிளாஸ் பசங்க டீச்சர் பேர்லயே ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு சொல்லப் போறாங்க."

வேகம் கேட்காத அக்கா

அந்தப் பத்திரிகை வீடு வீடாகப் போனது. பின்னாலேயே எங்கள் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். கோயில் விழா நோட்டீஸ், சர்ச் பாட்டுத் தாள், நகைக்கடை விளம்பரம். டியூஷன் நடத்தும் சரோஜா அக்காவிடம் ஏற்கனவே ஊரார் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் இருந்தது. தமிழ்ப் புரோகிராமை மட்டும் பிளாப்பியில் போட்டுத் தரச் சொன்னார். உங்களுடையதில் ஓடாது அக்கா, இது லூமாவுக்கு மட்டும் எழுதியது என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா?

சந்தோஷத்தில் லூமாவின் வேகம், நினைவகம், சிஸ்டத்தின் சிறப்பு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பையைத் திறந்தபடி சொன்னார்: "அதெல்லாம் இருக்கட்டும்மா. வெள்ளிக்கிழமை பரீட்சை, அதுக்குள்ள கேள்வித்தாள் வந்துடும்ல?"

அப்புறம் லூமாக்கள் எல்லாமே விற்றுப்போயின, எங்கள் இரண்டு பேர் வேலையும் தப்பியது. ஆனால் அத்தனை காலத்தில் அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பெயரை என்னிடம் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.