செப்புத் தகடு இல்லாத குழி

பாளையங்கோட்டையில் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நம் பள்ளித் தோட்டக்காரர் சுடலை ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். "அண்ணாச்சி போயிட்டாவ, அம்மா. டிரான்ஸ்பார்மர் அறையில" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

பேட்டை ஆலையின் மின்சாரப் பொறுப்பாளர் சங்கரலிங்கம் நம் எல்லோருக்கும் அண்ணாச்சி. ஆலை என்ஜினிலிருந்து நம் விடுதிக்கு விளக்கு கொண்டுவந்தவர். இனிமையான மனிதர் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். இனிமையானவர் அல்ல. அவர் போட்ட சத்தத்தில் நான் பாடத்தை நிறுத்தியிருக்கிறேன்.

நம் விடுதியில் டிரான்ஸ்பார்மர் வைத்த வாரம், அதன் அறைக்கு வெளியே ஆழக் குழி வெட்டி, கம்பியோடு ஒரு செப்புத் தகட்டை அடியில் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். நம் பள்ளிக் காரியதரிசி, சென்னையில் பட்டம் பெற்றவர், எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, யாருக்கு வைக்கீரு செய்வினை?"

"உமக்குத்தான் வே! உள்ள பழுதாகி இரும்புப் பெட்டியில மின்சாரம் ஏறிச்சுன்னா, இந்தத் தகடு வழியா மண்ணுக்குள்ள இறங்கிரும். தகடு இல்லேன்னா தொட்டவன் வழியா இறங்கும். தினம் ஒரு குடம் தண்ணி ஊத்தச் சொல்லும். காஞ்ச மண்ணு வாங்காது."

எல்லோரும் சிரித்தோம். காரியதரிசியும் சிரித்தார்.

எந்தப் பெட்டியையும் முதலில் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பது அண்ணாச்சியின் வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவும் செய்தேன். "மண்ணோட சேத்துக் கட்டுன பெட்டிக்கு என்ன பயம், டீச்சரம்மா? கருவி பைய சொல்லும், கை இப்பமே சொல்லும்" என்றார்.

பங்குனியில் விடுதிப் பெண்களுக்கு வரிசையாகக் காய்ச்சல் வந்தது. அதன் பிறகு நடந்ததைப் பள்ளிக்குத் திரும்பும் வண்டியில்தான் சுடலை சொன்னார். காரியதரிசி ஒரு மந்திரவாதியை வரவழைத்திருக்கிறார். கரி, உப்பு, புதைத்த தகடு என்றதும் அவன் செய்வினைதான் என்று தலையை ஆட்டியிருக்கிறான்.

"தகட்டைத் தோண்டி ஆத்துல விட்டாச்சு, அம்மா. அண்ணாச்சி பாத்தா ஏசுவாவன்னு கம்பியை மட்டும் திரும்ப மண்ணுக்குள்ள சொருகச் சொன்னாவ."

"என்கிட்டச் சொல்ல என்ன?"

"வாயத் திறந்தா வேலை போயிரும்னாவ. நான் தண்ணியை மட்டும் நிறுத்தலை. தினம் ஊத்துனேன்."

விளக்கு மங்குகிறது என்று அழைத்த நாளில் அண்ணாச்சி வாசலிலேயே கேட்டாராம்: "குழிக்குத் தண்ணி ஊத்துதீயளா?"

"தினமும் ஊத்துதோம், அண்ணாச்சி" என்றார் காரியதரிசி.

அண்ணாச்சி போய்க் குழியைப் பார்த்தார். மண் ஈரமாக இருந்தது. கம்பி உள்ளே இறங்கியிருந்தது. அறைக்குள் சென்று பெட்டியின்மேல் புறங்கையை வைத்தார்.

வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோர் முன்னிலையிலும் அந்தக் குழியைத் தோண்டச் சொன்னேன். கரி இல்லை, உப்பு இல்லை, தகடு இல்லை. சேற்றுக்குள் கம்பி மட்டும் ஒரு முழம் இறங்கி நின்றது. அதன் நுனி தேய்ந்து அறுந்தது அல்ல. உளி வைத்து வெட்டியது. காரியதரிசி பார்த்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

இரங்கல் கூட்டத்தில் அவரே எழுந்து, அண்ணாச்சியின் சேவையைப் புகழ்ந்தார். பிறகு, "விதி, கொஞ்சம் கவனக்குறைவும்" என்றார். சபை தலையசைத்தது. அண்ணாச்சியின் மனைவி அங்கே உட்கார்ந்திருந்தார். தன் கணவர் அஜாக்கிரதையால் செத்தார் என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நம் பள்ளியைச் சேர்ந்த நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அண்ணாச்சி கேட்க வேண்டியதைக் கேட்டார். பார்க்க வேண்டியதைப் பார்த்தார். மண்ணுக்கடியில் நாம் செய்து வைத்திருந்த பித்தலாட்டம்தான் அவருக்குத் தெரியாது.

புதுத் தகடு இறக்கியாகிவிட்டது. என் கண் முன்னால். அந்த ஒரு முழக் கம்பியை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அது என் மேசைமேல் இருக்கிறது. விதி என்று பேச வருகிறவர்கள் கையில் அதைக் கொடுத்து, வெட்டிய நுனியைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.

காரியதரிசி இன்னும் வரவில்லை.