காகித வயதுக்கு வந்த கடிதம்

என் தம்பி ஜெயித்ததையெல்லாம் முதலில் எழுதிவிடுகிறேன். அவன் என்னைப் படுத்திய பாட்டைப் பின்னால் சொல்லப்போகிறேன். அதைப் படித்துவிட்டு யாரும் அவனைக் குறைத்து எடைபோட்டுவிடக் கூடாது.

இரண்டு வயதில் வந்த காய்ச்சலை ஜெயித்தான். டாக்டரே கையை விரித்த காய்ச்சல் அது. ஏழு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தான். நான் ஐந்தாவது வரையாவது படித்தேன். அவன் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்கவில்லை. அப்படியும் பதினேழு வயதில் விமானம் ஏறினான். பாஷை தெரியாத நாட்டில், ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு கழுவச் சேர்ந்து, பன்னிரண்டே வருஷத்தில் மாவுப் பிரிவுக்கு மாஸ்டர் ஆனான். ரொட்டியின் எடையைக் குறைக்கச் சொன்ன மேனேஜரை எதிர்த்து நின்று, எடையையும் காப்பாற்றினான், வேலையையும் காப்பாற்றிக்கொண்டான். தூரத்திலிருந்தே, ஊரிலிருக்கும் தன் இரண்டு பெண்களைக் காலேஜ் வரை படிக்கவைத்தான். சிகரெட்டை விட்டான்; விட்ட தேதி என் நோட்டில் இருக்கிறது.

இத்தனையும் ஜெயித்தவன், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழாயிடம் எட்டு மாதம் தோற்றுக் கிடந்தான்.

நானும் இப்போது அவன் போன இந்த நாட்டில், இதே ஊரில்தான் இருக்கிறேன். அவன் அறையிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் இடத்தில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிறேன். இந்த ஊர்ப் பாஷையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்பதால், அவனுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என் தையல் மேஜைக்குத்தான் வரும். 2018 ஜூலையில் அப்படி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து போட்டான்.

படித்தேன். ஐம்பது வயது நிறைந்தவர்களுக்குக் குடலில் புற்றுநோய் தொடங்குகிறதா என்று அரசாங்கமே இலவசமாகப் பார்க்கிறது. ஒரு பெட்டி தபாலில் வரும். சொன்னபடி செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

“இது எனக்கு வந்த லெட்டர் இல்லக்கா” என்றான்.

“உன் பேர்தானேடா போட்டிருக்கு?”

“பேர் என்னோடதுதான். வயசு என்னோடது இல்ல. அம்பது முடிஞ்சவன் பாஸ்போர்ட்டுக்குள்ள உக்காந்திருக்கான். அவனைப் போகச் சொல்லு.”

அவன் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. அதுதான் எரிச்சல். வெளிநாட்டு வேலைக்கு இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஏஜெண்ட் சொன்னான். பதினேழு வயதுப் பையனை எப்படி அனுப்புவது? பேனாவை எடுத்து 1968 ஜூன் 1 என்று எழுதினான். என் தம்பி பிறந்தது 1972 நவம்பர் 9, வியாழக்கிழமை. ஏஜெண்ட் ஒரு நிமிஷத்தில் அவன் ஆயுளில் நாலு வருஷம் ஐந்து மாதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டான். அது பொறுக்காமல், ஒவ்வொரு நவம்பரிலும் போன் செய்து அவனுடைய சரியான வயதை நான்தான் சொல்லி வந்தேன். இப்போது அதையே எடுத்து என் மேல் எறிந்தான்.

“போன நவம்பர்ல நீ என்ன சொன்னே? ‘இன்னியோட நாப்பத்தஞ்சு, யார் கேட்டாலும் அம்பதுன்னு சொல்லிடாதே’ன்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேன்.”

“அப்புறம் என்ன? நிஜமா அம்பது ஆகட்டும், வர்றேன்.”

“அப்பா எத்தனை வயசுலடா போனாரு?”

மேஜை மேலிருந்த நூல்கண்டை எடுத்து உருட்டினான். நானே சொன்னேன்.

“நாப்பத்தெட்டு. காகித வயசு இல்ல, நிஜ வயசு.”

“அது மூலம்னுதானே சொன்னாங்க?”

சொன்னார்கள். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் நான் பன்னிரண்டு வயதுப் பெண், கண் இருந்தது. ஒரு நாளும் தன் துணியைத் தானே துவைக்காத மனுஷர், கடைசி ஒரு வருஷம் யாருக்கும் முன்னால் எழுந்து தன் வேட்டியைத் தானே அலசிக் காயப்போட்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கும்போது அவர் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை. இதை அன்றைக்குத்தான் தம்பியிடம் முதல் தடவையாகச் சொன்னேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

பெட்டி வந்தது. உள்ளே மூடியில் குச்சி வைத்த ஒரு குழாய், ஒரு உறை, ஒரு ஒப்புதல் சீட்டு. காலையில் போவதில் குச்சியால் நாலு இடத்தில் தொட்டு, குழாயில் போட்டு மூடி, தபாலில் சேர்க்க வேண்டும். நான் இதைப் படித்துச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை, அவன் முகத்தைப் பார்க்க என்னாலும் முடியவில்லை. அவனோடு தங்கியிருந்த அடுப்புப் பிரிவு ஆள்தான், எல்லோரும் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள், தைரியமாகக் கேட்டான்.

“அதையா தபால்ல அனுப்பணும்? ஸ்டாம்ப் யாரு ஒட்டுறது?”

“ஸ்டாம்ப் வேண்டாம். அரசாங்கமே ஏத்துக்குது.”

“நல்ல அரசாங்கம்க்கா. எங்க ஊர்ல குடுத்த மனுவையே வாங்க மாட்டாங்க.”

“நீ சும்மா இருடா” என்றான் தம்பி. “தபால்காரர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?”

ஐந்து வாரம் கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டது. கடைசியில் செய்தான். தன் தெருவிலிருக்கும் தபால் பெட்டியில் போடாமல், மூன்று தெரு தள்ளி, தன்னைத் தெரியாத தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். அப்பாடா என்று இருந்தது.

அக்டோபரில் பதில் வந்தது. ஒப்புதல் சீட்டு அசுத்தமாகியிருந்ததாம். ஊழியர்களின் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களாம். புதுப் பெட்டி வருமாம், இந்த முறை கையைக் கழுவிவிட்டுச் சீட்டைத் தொட வேண்டுமாம்.

“என்னடா பண்ணித் தொலைச்சே?”

“சத்தியமா ஒண்ணும் பண்ணலக்கா. நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் கைநாட்டு வெச்சேன்.”

“மை ஏது?”

ஏது? தொழிற்சாலையில் அட்டைப் பெட்டி மேல் தேதி முத்திரை குத்தும் மை. ரொட்டிப் பெட்டிகளுக்குப் பொருத்தமாகப் பழுப்பு நிறத்தில் வாங்குவார்கள். அந்த மைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் அவனைக் கட்டைவிரல் வைக்கச் சொன்னேன். வைத்தான். பார்த்தேன். இருபத்தெட்டு வருஷம் சூட்டுத் தட்டு பிடித்த விரல் அது. ரேகை என்று ஒன்று மிச்சமே இல்லை. விசாவைப் புதுப்பிக்கும் ஆபீஸ் மெஷின்கூட அவன் விரலை அடையாளம் காணாமல் திணறும். தாளில் இருந்தது கைநாட்டாகவே தெரியவில்லை. பழுப்பாக ஒரு இழுப்பு. குழாயோடு வந்த தாளில் அதைப் பார்த்த எந்த மனுஷனும் என்ன நினைப்பான்?

கண்ணாடி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். “மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. நானா இருந்தாலும் குப்பையிலதான் போட்டிருப்பேன்.”

தம்பி சிரிக்கவில்லை. கம்பெனிச் சம்பளச் சீட்டிலிருந்து பெண்களின் காலேஜ் மனு வரை அவன் வைத்தது அந்த விரலைத்தான். எங்கும் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. இப்போது அதைப் பார்த்து ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கி எறிந்திருக்கிறார். “போதும்க்கா. இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்” என்றான்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்த ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றது. ஒரே பாட்டை நாற்பது நிமிஷம் கேட்கவைத்தது. மதியச் சாப்பாட்டு நேரம் அதிலேயே போனது. கடைசியில் ஒருவர் பேசினார். கைநாட்டு செல்லாது, கையெழுத்துதான் வேண்டும், எந்த மொழியிலும் போடலாம், வளைத்து ஒரு கோடு இழுத்தாலும் பரவாயில்லை என்றார். அதைத் தம்பியிடம் சொன்னேன்.

“கோடா? கோடு இழுக்கிறதுக்கா அம்மா எனக்குப் பேர் வெச்சாங்க?”

“அப்ப எழுதக் கத்துக்கோ.”

“இந்த வயசுலயா?”

“எந்த வயசுடா? நாப்பத்தஞ்சா, அம்பதா? உனக்கு வசதிப்பட்ட வயசைச் சொல்லு.”

கண்ணாடி, தானே போட்டுத் தருவதாகச் சொன்னான். “வேண்டாம்பா. பாஸ்போர்ட்ல ஏற்கெனவே ஒரு பொய் இருக்கு, அது போதும்” என்றேன். ஒரு தாளில் தம்பியின் பெயரை நாலு எழுத்தாகப் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், அந்தத் தாள் எட்டாக மடிந்து, ஆடும் மேஜையின் காலுக்கு அடியில் இருந்தது. மேஜை ஆடவில்லை.

புதுப் பெட்டி நவம்பரில் வந்து பிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்தது. மார்ச் 31க்குள் பயன்படுத்த வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. ரொட்டியில் ஒரு நாள் தேதி தாண்டினால் மொத்த லாரியையும் திருப்பி அனுப்புகிறவன் என் தம்பி. டிசம்பர் போனது, ஜனவரி போனது. ஞாயிறுதோறும் அந்த அறையில் தங்கியிருக்கும் நாலு பேருக்கும் நான் சாப்பாடு கொண்டுபோவேன். டப்பாக்கள் கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு மூடியிலும் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதுவேன். பெட்டி மேல் தூசியைத் துடைப்பேன். “தேதி ஞாபகம் இருக்கில்ல?” என்பேன். “இருக்கு இருக்கு” என்பான். போதாக்குறைக்கு, அவன் டப்பா மட்டும் வாராவாரம் மூடிக் காகிதம் கிழிந்தே திரும்பி வர ஆரம்பித்தது. மற்ற மூன்று பேரின் காகிதமும் அப்படியே இருக்கும்.

“எதுக்குடா அதைப் பிய்க்கிறே? வாராவாரம் புதுசா எழுத எனக்கு வேற வேலை இல்லியா?”

“எழுதேன், என்ன இப்போ” என்று திரும்பிக்கொண்டான்.

மார்ச் முதல் ஞாயிறு தம்பிக்கு வேலை. அறையில் கண்ணாடி மட்டும் இருந்தான். சத்தம் போடாமல் ஒரு பையை நீட்டினான். உள்ளே ஒரு வட்ட ரொட்டி.

“மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க. அடுப்புக்குப் போகுமுன்ன ரொட்டி மேல பிளேடால கீறுவோம் இல்ல? ஷிப்ட் முடிஞ்சதும் கழிவு மாவை எடுத்து வெச்சு, மூடிக் காகிதத்தைப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு, அதே பிளேடால கீறிக்கிட்டே இருக்காரு. கீறுவாரு, உருட்டுவாரு, மறுபடி கீறுவாரு. யாராவது வந்தா உடனே பிசைஞ்சிடுவாரு. இது ஒண்ணு தப்பிச்சு அடுப்புக்குள்ள வந்துடுச்சு.”

ரொட்டியின் மேல் நாலு எழுத்து இருந்தது. வெந்து உப்பியதில் மூன்றாவது எழுத்து வெடித்திருந்தது. மற்ற மூன்றும் என் கையெழுத்து. கடைசி எழுத்தின் சுழியை நான் மூடாமல் விடுவேன், அந்தப் பழக்கத்தைக்கூட அப்படியே எடுத்திருந்தான். நான் பெரிதாக எழுதிக் கொடுத்த தாள் மேஜைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்க, டப்பா மூடியிலிருந்து பிய்த்துக் கற்றிருக்கிறான்! கேட்டிருந்தால் நூறு தரம் எழுதிக் கொடுத்திருப்பேனே. கோபம் வந்தது, அதோடு அந்த ரொட்டியைக் கையிலிருந்து கீழே வைக்கவும் மனம் வரவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் மூடியில் கொஞ்சம் பெரிதாக எழுதினேன், அவ்வளவுதான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது.

“அக்கா, பேனா வழுக்குது. பிளேடு மாதிரி நிக்க மாட்டேங்குது.”

“எந்தப் பேனா? எதுக்கு?” என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

“வாயேன் சீக்கிரம். குழாய் ரெடி. இன்னிக்கே தபால்ல போகணும்.”

தைக்க வேண்டிய விரிப்பை அப்படியே போட்டுவிட்டு, மேற்பார்வைக்காரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தேன். ஆடாத அந்த மேஜையில் சீட்டை வைத்து, பிளேடைப் பிடிப்பது போலப் பேனாவைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினான். மூன்றாவது எழுத்தில் நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை; திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலாவது எழுத்தின் சுழியைத் திறந்தபடி விட்டான். பேனாவை வைத்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

இந்தத் தடவை திரும்பி வரவில்லை. ரத்தம் கலந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வரவும் என்று பதில் வந்தது. மே மாதம் குழாய் கேமராவைச் செலுத்திப் பார்த்தார்கள். குடலில் இரண்டு சதை மொட்டுகள். ஒன்று சின்னது, ஒன்று திராட்சை அளவு. இரண்டையும் அப்போதே வெட்டி எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார் டாக்டர் அம்மா.

“இது புற்றுநோய் இல்லை. ஆனால் பெரியது அந்த வழியில் பாதி தூரம் போயிருக்கிறது. இன்னும் மூன்று நாலு வருஷம் விட்டிருந்தால் நான் வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கும். ஐம்பது ஆனதும் வந்தீர்களே, நல்லது” என்று அவர் சொன்னதைத் தம்பிக்குச் சொன்னேன்.

“எனக்கு இன்னும் அம்பது…” என்று ஆரம்பித்தான். மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அந்த டாக்டர் அம்மாவுக்கு நம் மொழி தெரியாது என்பது எனக்கு ஞாபகம் வருவதற்குள் நன்றாகவே மிதித்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான்.

“அப்பா வயசுக்கு இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்குல்ல?”

“இருக்கு. தாண்டிப் போவே.”

“அக்கா, உன் நோட்டுல என் வயசைத் திருத்தி எழுதிடு. அந்த ஏஜெண்ட் சொன்னதே இருந்துட்டுப் போகட்டும்.”

“அதெல்லாம் திருத்த முடியாது. இவ்வளவும் பண்ணிட்டு இப்ப என் கணக்குலயும் கை வைக்கிறியா?”

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்துக்கு இப்போதே பயந்துகொண்டிருக்கிறேன். அடுத்த தடவை என்ன சாக்கு வைத்திருக்கிறானோ. நோட்டில் 1972 நவம்பர் 9, வியாழக்கிழமை என்பது அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே விமானம் ஏறிய நாள், மாஸ்டர் ஆன நாள், சிகரெட்டை விட்ட நாள். அவற்றுக்கும் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதியது.

தம்பி முதல் கையெழுத்து: 2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை.