நாலாம் வகுப்பில் இடம் கேட்டு டெல்லிக்கு

இந்த முறை கோயில் இல்லை, கோட்டை இல்லை, கடைவீதிகூடப் பாதிதான். ஏப்ரல் முதல் வாரத்தில் நானும் மகள் கயலும் டெல்லிக்குப் போனதற்கு ஒரே காரணம், அவளுக்கு நாலாம் வகுப்பில் இடம் கேட்பது. மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு மார்ச் மாதம் திருச்சியிலிருந்து டெல்லிக்கு மாற்றல் வந்துவிட்டது. அங்கே ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கிவிடுகிறது. நம் ஊரிலோ ஏப்ரலில்தான் ஆண்டுத் தேர்வு. ஆக, மூன்றாம் வகுப்பை இன்னும் முடிக்காத பிள்ளைக்கு, ஏற்கெனவே தொடங்கிவிட்ட நாலாம் வகுப்பில் இடம் பிடிக்க வேண்டும்.

"சின்னதா ஒரு டெஸ்ட் வைப்பாங்களாம். தேறலைன்னா மறுபடியும் மூணாவதுதானாம்" என்று அவர் போனில் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போய் இடத்தை உறுதி செய்துகொண்டு, தேர்வெழுதத் திரும்பி வருவது என்பது திட்டம்.

திருச்சியிலிருந்து பகல் ரயிலில் சென்னை, சுமார் ஐந்தரை மணி நேரம். பிறகு சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குக் கிளம்பும் டெல்லி ரயில். ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு இறங்கினோம். வழியில் காடும் ஆறும் அழகாக இருக்குமாம். எனக்குத் தெரியாது. நான் அப்போது எட்டாம் வாய்ப்பாட்டை ஆங்கிலத்தில் ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கயல் தமிழ்வழியில் படிப்பவள். 'வகுத்தல்' என்றால் உடனே புரியும். அதையே ஆங்கிலத்தில் கேட்டால் ஜன்னலைப் பார்ப்பாள். ரயில் முழுக்க ஜன்னலைத்தான் பார்த்தாள்.

புது டெல்லி நிலையத்திலிருந்து, என் கணவர் தங்கியிருந்த சாணக்யபுரி விருந்தினர் இல்லத்துக்கு ஆட்டோ. ஓட்டுநர் முந்நூறு கேட்டார், இருநூற்று இருபதுக்கு வந்தார். கயல் தோளில் பள்ளிப்பை தொங்குவதைப் பார்த்துவிட்டு, எந்த வகுப்பு என்று கேட்டார். நாலு என்றேன், கிடைத்துவிட்டது போல. அவர் பையனும் நாலாம் வகுப்பாம். "பஹுத் முஷ்கில் ஹை, பெஹன்ஜி" என்று தலையை ஆட்டினார். ரொம்பக் கஷ்டம் என்று அர்த்தம். அந்த அளவு இந்தி எனக்குத் தெரிந்திருக்கவே வேண்டாம்.

பள்ளி சரோஜினி நகர்ப் பக்கம், விருந்தினர் இல்லத்திலிருந்து நாலு கிலோமீட்டர் இருக்கும். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மொழிபெயர்க்க அவருடைய அலுவலக நண்பர் ஸ்ரீதர் வந்தார். அப்பா காலத்திலிருந்தே டெல்லி. பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். "டென்ஷன் எடுத்துக்காதீங்க அண்ணி, கோயி பாத் நஹி, எல்லாம் ஆயிடும்" என்றார். அவர் தமிழைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

தொடக்கப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் சீமா மேடம் கண்டிப்பானவர் இல்லை. கயலை எதிரே உட்காரவைத்து, ஒரு படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார். ஸ்ரீதர் தமிழில் சொன்னார். கயல் தலையை ஆட்டினாள். தெரியாதாம். 45ஐயும் 38ஐயும் கூட்டச் சொன்னார். தெரியாது. குச்சிகளைக் கொடுத்து மூன்று பேருக்குப் பிரித்துத் தரச் சொன்னார். தெரியாது. நான் வாயை மட்டும் அசைத்து விடை சொல்லிப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்ததும் இருமுவதுபோல் சமாளித்தேன்.

"இவளுக்கு எல்லாம் தெரியும் மேடம். எங்க ஊர்ல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பார்த்துப் பிரிப்பாங்க. இவ மலர்" என்றேன். ஸ்ரீதர் அதை இந்தியில் சொன்னபோது மேடத்துக்குப் பூந்தோட்டம்தான் புரிந்திருக்கும். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். தேர்வே நடக்காதபோது சான்றிதழுக்கு எங்கே போவது?

அவர் பொறுமையாக விளக்கினார். மூன்றாம் வகுப்பு முடிக்கும் குழந்தைக்கு என்னென்ன வர வேண்டும் என்று ஒரு தர அளவு இருக்கிறது. ஒரு பக்கம் படித்துத் தன் வார்த்தையில் சொல்வது, மூன்று இலக்க எண்களைக் கூட்டிக் கழிப்பது, சமமாகப் பங்கிடுவது. மாநிலத்துக்கு மாநிலம் புத்தகம் மாறலாம். இந்தத் திறமைகள் பெரிதாக மாறுவதில்லை. "இந்தி தெரியாததை நான் குறையாகவே எடுத்துக்கல. ஆனா குச்சியைப் பங்கு வைக்க எந்த பாஷையும் வேண்டாமே. மூணாவதுல போடறது அவ நல்லதுக்குத்தான்" என்றார். ஸ்ரீதர் இதைத் தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்தார். நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, இன்னொரு முறை பாருங்கள் என்று கெஞ்சினேன். நாளைக்கு அவளுடைய தமிழ்ப் புத்தகங்களோடு வரச் சொன்னார்.

அன்று மாலை சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி குவிந்து கிடந்தது. நான் எதையும் தொடவில்லை. ஒரு வருடம் வீணாகிவிடுமே, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காருவாளே, இங்கேயே மக்குப் பெண் என்று பெயர் வாங்கிவிடுவாளே என்று மனது அடித்துக்கொண்டது. கயல் மட்டும் உற்சாகமாக இரண்டு தட்டு கோல்கப்பா, நம் ஊர் பானிபூரிதான், சாப்பிட்டாள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை மேடம் கயலின் கணக்குப் புத்தகத்தை ஸ்ரீதரிடம் நீட்டி, ஏதாவது ஒரு கணக்கைத் தமிழில் படித்துக் கேட்கச் சொன்னார். ஸ்ரீதர் புத்தகத்தை வாங்கினார், புரட்டினார், என் பக்கம் குனிந்தார்.

"அண்ணி, எனக்குத் தமிழ் படிக்க வராது. பேசறதோட சரி."

இரண்டு நாளாக இவரை நம்பியா உட்கார்ந்திருந்தேன்! நான் படிக்கிறேன் என்று கை நீட்டினேன். நேற்று நான் வாயசைத்த அழகைப் பார்த்திருந்த மேடம், வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டார். ஸ்ரீதர் வேறு வழியில்லாமல் விரலை வைத்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார்.

"ஒ... ஒரு... கூ... கூட்... கூடா..."

கயல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மூன்றாவது முறையாக முதலிலிருந்து தொடங்கியதும் அவளால் தாங்க முடியவில்லை.

"அய்யோ அங்கிள், 'கூடையில்'. 'ஒரு கூடையில் 24 மாம்பழங்கள் உள்ளன. அவற்றை 6 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு எத்தனை கிடைக்கும்?' ஆளுக்கு நாலு."

"எப்படி?" என்றார் ஸ்ரீதர். நிஜமாகவே கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஆறு வட்டம் போடுங்க. வட்டத்துக்கு ஒரு புள்ளியா வச்சுக்கிட்டே வாங்க, தீர்ற வரைக்கும். இல்லாட்டி 24லேர்ந்து ஆறு ஆறாக் கழிங்க. நாலு தடவை கழிக்கலாம். ரெண்டும் ஒண்ணுதான்."

பென்சிலைப் பிடுங்கி வரைந்தே காட்டினாள். அடுத்த பக்கத்தையும் அவருக்காக அவளே படித்தாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத சீமா மேடம் வட்டங்களையும் எண்களையும் பார்த்தார், பிறகு சிரித்தார். நாலாம் வகுப்பு. இந்தி மட்டும் முதல் வகுப்புப் பிள்ளைகளோடு தொடங்க வேண்டும். ஊர்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழோடு மே மாதத்துக்குள் வந்தால் போதும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஸ்ரீதரைக் கோபித்துக்கொள்வதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

திரும்பும் ஆட்டோவில் கயலும் அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அணைத்துக்கொண்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

"எல்லாம் அந்த அங்கிளாலதான். ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னா ஊருக்கே அனுப்பிருவாங்கன்னு இருந்தேன்."

"யாருடி சொன்னா?"

"நீதான். ரயில்ல அத்தைகிட்ட போன்ல சொன்னேல்ல? டெஸ்ட்ல தேறலைன்னா பிள்ளையைக் கூட்டிட்டுத் திருச்சிக்கே வந்துருவேன்னு."

சொல்லியிருந்தேன். பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி அதை மட்டும் கேட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை, தெரிந்த விடையை ஒரு பகல் முழுக்க வாய்க்குள் பூட்டிவைக்க வேண்டுமென்றால் உள்ளே எவ்வளவு வேதனை இருந்திருக்கும்? அதை அளக்க யாரிடமும் கேள்வித்தாள் இல்லை. பெற்ற என்னிடமும் இல்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரலுக்குக் காத்திருக்காமல் மாற்றல் உத்தரவு வந்ததுமே பள்ளியில் பேசுங்கள். பிறப்புச் சான்றிதழோடு ஊர்ப் பள்ளியில் ஒரு படிப்புச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பாடப்புத்தகங்களைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றுதான் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறதாம். இதைத் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன், நீங்கள் முன்பே படித்துவிடுங்கள். சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கூட வரும் தமிழருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வர விருப்பமா என்று அதற்கும் முன்னால் கேளுங்கள்.

ஊர் திரும்பும் ரயிலில், ஆக்ரா தாண்டியதும், கயல் தானாகவே பேச்சுக் கொடுத்தாள்.

"அம்மா, நாலாவதுல ஃபெயிலானா ஊருக்கு அனுப்புவாங்களா?"

"நாலாவதுல யாரையும் ஃபெயில் போட மாட்டாங்கடி. அஞ்சாவதுலதான் அதெல்லாம்."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு என் மடியில் தலைவைத்தாள்.

"சரி, அஞ்சாவதுல பார்த்துக்கறேன்."