கயிற்றின் மேல் உட்கார்ந்த பெண்

எனக்குப் பிடித்த கதாபாத்திரங்கள் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இளையோர் நாவல் என்றாலே வாளைச் சுழற்றுகிற பெண்ணும் மலை உச்சியிலிருந்து குதிக்கிற பையனும்தான் என்று ஒரு நினைப்பு. அவர்களையும் படித்திருக்கிறேன். நன்றாகத்தான் குதிக்கிறார்கள். ஆனால் காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி கேட்டுக்குள் நுழையும்போது அவர்களில் ஒருவரும் என்கூட வருவதில்லை. கூட வருகிறவள் வேறு மாதிரி. உண்மையைச் சொல்லப் போகும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவள். வீட்டை விட்டு ஓடிப்போய், தங்கைக்கு மாத்திரை எடுத்து வைக்க மறந்துவிட்டோமே என்று அடுத்த அத்தியாயத்திலேயே திரும்பி வருகிறவள்.

பெங்களூரில் படித்து முடித்துத் தூக்கிப் போடுகிற புத்தகங்கள் ஓசூர் பழைய புத்தகக் கடைக்கு மூட்டை மூட்டையாக வரும். அதில் பதினைந்து வயதுக்காரர்களுக்கு எழுதிய ஆங்கில நாவல்களாகப் பொறுக்குவேன். என் இங்கிலீஷுக்கு அதுதான் தோது. பெரியவர்களுக்கு எழுதியதில் ஆட்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நாற்பது பக்கம் யோசிக்கிறார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஹாஸ்டலில் என் அறைத் தோழிக்கு வீட்டில் தெலுங்கு. படித்ததும் தெலுங்கு மீடியம். தமிழ் சரளமாகப் பேசுவாள், வாசிக்க வராது. அதனால் நான் படித்ததைப் பஸ்ஸில் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஹாஸ்டல் வாசலில் தொடங்கினால் கம்பெனி கேட்டில் நிறுத்துவேன். மீதி மறுநாள். கதாபாத்திரங்களை அவள் விட்டு வைக்க மாட்டாள். "இவ இன்னாடி இப்டி அழுதுக்கினே கீறா?" என்பாள். அடையாளத்துக்கு நான் பக்கத்தின் முனையை மடித்து வைப்பதைக் கண்டால் மட்டும் கதையை விட்டுவிட்டு என்மேல் பாய்வாள். "புக்க மடிக்காதடி, அதுக்கு வலிக்கும்."

இரண்டு பேரும் ட்ரெய்னிகள். தகட்டை அச்சில் வைத்து வெட்டுகிற பழைய பிரஸ் ஒன்றில் அவள். எதிரே மேஜை போட்டு, வெட்டி விழுகிற பாகங்களில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இடது கை ஒன்றில், வலது கை ஒன்றில், இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. யாரோ புத்திசாலி யோசித்துச் செய்தது.

அந்தப் புத்திசாலியை ஒரு அட்டைத் துண்டால் தோற்கடித்துவிடலாம். பாகங்கள் வருகிற அட்டைப் பெட்டியில் கொஞ்சம் கிழித்து, நான்காக மடித்து, இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடி அதன் ஓரத்து இடுக்கில் செருகினால் பட்டன் அமுங்கியபடியே நின்றுவிடும். அப்புறம் வலது கை மட்டும் போதும். இடது கையால் வெட்டிய பாகத்தைத் தட்டிவிட்டு அடுத்த தகட்டை வைக்கலாம். வேலை பறக்கும். புது மெஷின்கள் இதற்கெல்லாம் ஏமாறாது. இது பழையது, ஏமாறியது. தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது அந்த வரிசையில் எல்லா பிரஸ்ஸிலும் அட்டை ஏறிவிடும். லைன் லீடர் பார்ப்பார், பார்க்காதது போலப் போவார். டார்கெட் ஆகவில்லை என்றால் மட்டும், "ஏம்மா, இன்னும் அட்ட வைக்கலயா?" என்று கேட்பார்.

அவளும் வைத்தாள். அந்த மாதம் அவளை பர்மனென்ட் ஆக்குவதா இல்லையா என்று முடிவாக வேண்டும். ஆகவில்லை என்றால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை தயார். அவள் வேலைக்கு வந்ததே அவனிடமிருந்து தப்பிக்கத்தான்.

எதிரே உட்கார்ந்திருக்கிற எனக்கு அவள் இடது கையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. உள்ளே போகும், வெளியே வரும், டக் என்று அச்சு இறங்கும். உள்ளே, வெளியே, டக். எண்ணெயில் ஒட்டிக்கொண்ட பாகத்தை விரலால் நெம்பும்போது கை கொஞ்சம் அதிக நேரம் உள்ளே இருக்கும். அந்தக் கொஞ்சத்தில் எனக்கு மூச்சு நின்று வரும். டீ நேரத்தில் சொன்னேன்.

"அட்டைய எடுத்துடுடி."

"எல்லாருந்தான் வச்சிக்கினு கீறாங்க. எனக்கு மட்டும் இன்னா?"

"கை போயிடும்."

"வேல போனா மட்டும் கை எதுக்கு?"

டீ கப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு என் மேஜைக்குப் போனேன்.

அந்த வாரம் பஸ்ஸில் நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு தோணிக்காரர் மகளின் கதை. ஆற்றைக் கடந்து ஆட்களைக் கொண்டுபோய் விடுகிற அப்பா, கரையில் கயிற்றை அவிழ்த்துவிடுகிற பதினைந்து வயதுப் பெண். திருவிழா நாளில் தோணி தாங்காத அளவுக்குக் கூட்டம் ஏறிவிடுகிறது. தண்ணீர் தோணி விளிம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டதை அவள் பார்க்கிறாள். சொல்ல வாய் வரவில்லை. கயிறு கட்டிய முடிச்சின் மேல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். ஊரே திட்டுகிறது. அப்பா எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைகிறார். அவள் அழுகிறாள், மூக்கு ஒழுகுகிறது, எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்கிறாள்.

அன்றைக்கு கேட் வந்தது, அதோடு நிறுத்தினேன். "லூசாடி அவ?" என்று சொல்லிக்கொண்டே தோழி இறங்கினாள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஒரு பாகம் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவள் இடது கையை உள்ளே விட்டு நெம்பினாள். அதே நேரம் பின்னாலிருந்து லீடர் கூப்பிட்டார். அவள் முகம் திரும்பியது. கை உள்ளேயே இருந்தது. வலது கை, பழக்கத்தில், பட்டனை நோக்கிப் போவதைப் பார்த்தேன்.

பிரஸ்ஸின் பக்கவாட்டில் சிவப்பாக எமர்ஜென்சி பட்டன் இருக்கிறது. ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று சுவரில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. மூன்று மொழியிலும் யாரும் அடிப்பதில்லை. அடித்தால் வரிசை மொத்தமும் நிற்கும், எல்லாருடைய டார்கெட்டும் போகும். நான் எழுந்ததும் நினைவில்லை, ஓடியதும் நினைவில்லை. உள்ளங்கையில் பட்டன் குத்தியது நினைவிருக்கிறது.

சத்தம் முழுக்க அடங்கியது. அந்த ஷெட்டில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"யாரு அடிச்சது?"

"நான்தான்" என்றேன். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. லீடர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை எலிக்குஞ்சு கத்துவது போல ஏதோ வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"கை உள்ள இருந்துச்சு சார்."

லீடர் அட்டையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஏம்மா, கை உள்ளயா இருந்துச்சு?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "இல்ல சார். வெளியதான் இருந்துச்சு."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவளை அங்கேயே அறைய வேண்டும் போல இருந்தது. பிரஸ் மறுபடி ஓடத் தொடங்கியது, அட்டையோடு. மறுநாளிலிருந்து என்னை பேக்கிங்குக்குத் தள்ளிவிட்டார்கள். பேக்கிங்குக்குப் போன ட்ரெய்னி யாரும் பர்மனென்ட் ஆனதாகக் கேள்விப்பட்டதில்லை.

அறைக்கு வந்ததும் அவள் இடது கையை என் மூஞ்சிக்கு நேராக விரித்து ஆட்டினாள். "பாரு. நல்லாத்தான கீது? நான் அழுத்தியே இருக்க மாட்டேன். எந்துகே?" கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவாள். ஏன் அடித்தாய் என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். அதற்கப்புறம் பேச்சு இல்லை. பஸ்ஸில் வேறு சீட். தோணிக்காரர் மகள் முடிச்சின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாவலை முதல் தடவை படித்தபோது எழுதினவர்மேல் எனக்குப் பயங்கரக் கோபம். கடைசியில் பாதிப் பேர் திட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். மீதிப் பேரோடு தோணி பத்திரமாக அக்கரை போய்ச் சேருகிறது. எல்லாரும் போயிருந்தால் முழுகியிருக்குமா? புத்தகம் சொல்லவே இல்லை. முழுகடிச்சுக் காட்ட வேண்டியதுதானே, அவள் செய்தது சரி என்று அப்போதுதானே ஊர் நம்பும் என்று கத்தத் தோன்றியது. பேக்கிங்கில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது புரிந்தது. என் தோழியின் கை போயிருந்தால்தான் நான் செய்தது சரி என்று ஆகும். அப்படி ஒரு சரி எனக்கு வேண்டாம். கை இருக்கிறது, என்னைத் திட்டுகிறாள், திட்டட்டும். அந்தப் பெண் அறை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் இதற்காகத்தான். அவளை எனக்கு ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்.

இப்படிச் சொல்லிக்கொண்டேனே தவிர நிம்மதி வரவில்லை. பேக்கிங் தடுப்பை ஒட்டி அந்தப் பக்கம் அவளுடைய பிரஸ், மற்ற பிரஸ்களின் சத்தத்தில் அதை மட்டும் என் காது பிரித்துவிடும். டக், டக், டக். சத்தம் கொஞ்சம் தாமதித்தால் என் கையில் டேப் அப்படியே நின்றுவிடும். அடுத்த டக் வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். வந்தால், யாரும் அலறவில்லை என்றால், மறுபடி ஒட்டுவேன். ஷிஃப்ட் முழுக்க இதே பிழைப்பு.

ஒரு நாள் காலையில் அந்தச் சத்தம் மெதுவானது. நின்று நின்று வந்தது. ஒவ்வொரு டக்குக்கும் நடுவில் நீளமான இடைவெளி. அவளுக்குத் தூக்கக் கலக்கமா, காய்ச்சலா? லீடர் கத்துவது தடுப்பைத் தாண்டிக் கேட்டது. சத்தம் வேகம் எடுக்கவில்லை. அதே நிதானத்தில் ஷிஃப்ட் முடியும்வரை ஓடியது.

மாலை பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிப்காட் தாண்டியதும் கேட்டாள்.

"அந்தத் தோணி முழுகிச்சா?"

"பாதிப் பேரு இறங்கிட்டாங்க. போய்ச் சேந்துடுச்சு."

"எல்லாரும் போயிருந்தா?"

"தெரியாது. புக்குல இல்ல."

அவள் தலையாட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. சுடிதார் பைக்குள் கைவிட்டு, எண்ணெய்க் கறையோடு நான்காக மடித்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து என் மடியில் இருந்த புத்தகத்தின்மேல் வைத்தாள்.

"இந்தா, இத வச்சுக்கோ. இனிமே பக்கத்த மடிக்காத."

"பர்மனென்ட்?" என்றேன்.

"பாக்கலாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னிக்கி கை உள்ளதான் இருந்துச்சு."