சபாபதி முடுக்கிய போல்ட்

சபாபதிக்குப் பொறாமை என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். கலியாணமான புதிதில், வரதர் கருட சேவைக் கூட்டத்தில் வளையல்காரனிடம் வடிவு சிரித்துப் பேசிவிட்டாள் என்று, பெண்டாட்டியை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக வீடு வந்து சேர்ந்த மகானுபாவர். டிவியில் செய்தி வாசிக்கிறவனை அவள் "நல்லா பேசறான் இல்ல" என்றால் போதும், சேனல் மாறிவிடும். மற்றபடி தங்கமான மனுஷன். பெரிய காஞ்சிபுரத்தில் அவர் நெய்த சேலை என்றால் கடைக்காரர்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்து வைப்பார்கள்.

ஐம்பதைத் தாண்டிய வயதில் இவருக்கு வந்து வாய்த்தான் குமரகுரு. கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவன். வடிவுக்குத் தெருமுனையில் சாயங்காலக் கடை போட ஆசை. பன்னீர், காளான், அன்னாசித் துண்டுகளைக் கம்பியில் குத்திச் சுட்டு விற்க வேண்டும். திருப்புட்குழிப் பக்கம் மூடிக் கிடந்த ஓட்டலில் ஒரு பழைய கேஸ் கிரில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவனே குமரகுருதான். அதை வாங்கி வந்து கூடத்தில் இறக்கினார்கள். மேலே கம்பித் தட்டு, அடியில் நீளக் குழாய் பர்னர்கள், உடம்பெல்லாம் துரு.

"பாடி கல்லு மாதிரி இருக்குதுக்கா. போல்ட்டு, நட்டு, பின்னு மட்டும் மாத்துனா போதும். எவர்சில்வர்லயே வாங்கிடுங்க. முலாம் பூசினது வாணாம், சூட்டுல பொகையும், சாப்பாட்டுக்கு ஆவாது" என்றான்.

"உனுக்குத் தெரியாததே இல்லபா" என்று வடிவு சிரித்தாள்.

அவ்வளவுதான், சபாபதிக்கு வயிறு பற்றிக்கொண்டது. இத்தனை வருஷமாக அவர் நெய்த ஒரு சேலைக்காவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அந்த உறவில் இவரை 'மாமா' என்று வேறு கூப்பிடுகிறான், திமிர் பிடித்தவன்!

"இத நானே பாத்துக்கறேன். உனுக்கு வேற வேல இருந்தா போய்ப் பாரு" என்று அவனைக் கிளப்பிவிட்டார். கடை ஓட வேண்டும், 'எல்லாம் எங்க வூட்டுக்காரராலதான்' என்று வடிவு நாலு பேர் எதிரில் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்டாக வேண்டும் அவருக்கு.

ஹார்டுவேர் கடையில் எவர்சில்வர் போல்ட்டுகளையே கேட்டார். குமரகுரு சொல்லித்தான் தெரிந்தது என்று எப்படி ஒப்புக்கொள்வது? தனக்கே தோன்றியதாக நினைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் 'பின்னு' விஷயத்தில் அவர் புத்தி வேறு வழியில் போனது. ஒவ்வொரு பர்னருக்கும் முன்பக்கம் ஒரு போல்ட் இருந்தது. பின்பக்கத்தில் நீளமான ஓட்டையில் மெல்லிசாக ஒரு பின், அவ்வளவுதான். தொட்டால் பர்னர் ஆடியது. தறியில் ஓர் ஆப்பு தளர்ந்தாலும் சேலையில் கோடு விழுந்துவிடும் என்று பயந்து பயந்தே வாழ்ந்தவர் அவர். ஆடுவதைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

"பின்னு தரட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"எவன் போட்டான் அத? கிழவி பல்லு மாதிரி ஆடுது. ரெண்டு பக்கமும் போல்ட்டே குடுங்க, வாஷரோட."

அவர் ஸ்பேனரும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில், வடிவு சமையலறையில் போனில் பேசிச் சிரித்தாள். "சரி குமரகுரு, வெச்சுடறேன்" என்று முடிவில் காதில் விழும். சபாபதி பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை இன்னொரு சுற்று முடுக்குவார்.

கடை திறந்த அன்று தெருவே வந்தது. கிரில் புதுசு போலப் பளபளத்தது. சபாபதி வெள்ளை வேட்டியில் பக்கத்தில் நின்றார். தீ ஏறிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே டங்கென்று ஒரு சத்தம். நடு பர்னர் வில்லாக வளைந்து கம்பித் தட்டைத் தூக்கியது. ஒரு பக்கம் பன்னீர் கரியானது, மறுபக்கம் பச்சையாகவே கிடந்தது. தீ முன்பக்கத்துக் கேஸ் திருகு வரை எட்டிப் பார்க்க, வடிவு ஓடிப்போய் சிலிண்டரை மூடினாள். வந்தவர்கள் "பரவால்லமா, நாளைக்கு வரோம்" என்று நழுவினார்கள்.

"அவனக் கூப்புடு" என்றார் சபாபதி, தரையைப் பார்த்து.

"நீங்களே கூப்புடுங்க" என்றாள் வடிவு.

கூப்பிட்டார். குமரகுரு வந்து சூடு ஆறியதும் குனிந்து பார்த்தான்.

"ரெண்டு பக்கமும் முடுக்கிட்டீங்களா மாமா? சூட்டுல இரும்பு நீளும். அது நகர்றதுக்குத்தான் பின்னாண்ட நீட்டு ஓட்டை. பின்னு சும்மா கீழ வுழாம புடிச்சுக்கும். நானே வந்து மாட்டிக் குடுக்கறேன்னு போன் மேல போன் போட்டேன். அக்காதான் வுடல."

"இன்னா சொல்லிச்சு?"

"'அவரு எனக்கோசரம் உக்காந்து செய்யறாரு, அதப் பாக்கவே ஆசையா இருக்குது. கெட்டா கெடட்டும், நீ வராத'ன்னு ஒரே சிரிப்பு மாமா."

சபாபதி குளிர்ந்து போயிருக்க வேண்டும். எங்கே? முன்னைவிட அதிகமாக எரிந்தது. கட்டின புருஷனிடம் சொல்லாததை இவனிடம் சொல்லியிருக்கிறாளே!

"அத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று வடிவிடம் திரும்பினார்.

கரிந்த பன்னீரை வழித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எப்ப சொல்றது? நான் சிரிச்சா, யாரப் பாத்து சிரிச்சன்னுதான் கேப்பீங்க. இன்னாத்துக்கு சிரிச்சன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

குமரகுரு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். இவன் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் தேவலை என்று சபாபதிக்கு முதல் தடவையாகத் தோன்றியது.