தொட்டி இன்ஸ்பெக்டரும் முதலாளியின் நீளம் தாண்டுதலும்

கோழிப்பண்ணையின் வாசலை அடைத்துக்கொண்டு மூன்றடி அகலத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி. அதில் கணுக்கால் அளவுக்குக் கிருமிநாசினி. உள்ளே போகிறவர் யாராயிருந்தாலும் செருப்பில் ஒட்டிய அழுக்கைப் பிரஷால் தேய்த்துவிட்டு, காலை அதில் நனைத்த பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. சுவரை நம்பிய ஒரே ஜீவன், தொட்டிக்குக் காவலாக வைக்கப்பட்ட பத்தொன்பது வயதுப் பெண். மற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் தொட்டி இன்ஸ்பெக்டர்.

கோழிகளை நோயிலிருந்து காப்பது எப்படி என்று இளைஞர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. முப்பது பேர் போனார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபத்தொன்பது பேர் தூங்கினார்கள். இவள் விழித்திருந்தாள். வாழ்க்கையில் அவள் செய்த பெரிய தப்பு அதுதான். நோய்க்கிருமிக்குச் சிறகு தேவையில்லை, செருப்பின் அடியில் ஒட்டிய ஒரு துளி எச்சமே வண்டி என்று அங்கே சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்றார்கள். வீட்டிலிருந்த இரண்டு கோழிகளையும் மறுநாளே அடுத்த தெருவிலிருந்த அத்தையிடம் கொடுத்துவிட்டாள்.

அவள் ஆசை பெரிதல்ல. ஒரு வருடம் பண்ணையில் வேலை பார்த்ததாக முதலாளி கடிதம் கொடுத்தால் கால்நடைப் படிப்பில் சேரலாம். பதினோரு மாதம் முடிந்திருந்தது.

அந்தப் பதினோரு மாதமும் வாசலில் விளையாட்டுப் போட்டிதான். தீவன லாரி டிரைவர் ஓடி வந்து தாண்டுவார். முட்டை வண்டிக்காரர் நின்ற இடத்திலிருந்தே தாண்டுவார். அவள் இருவரையும் திருப்பி அனுப்பி நனைக்க வைப்பாள்.

"இன்ஸ்பெக்டரம்மா, காலையிலதான் குளிச்சேன்."

"நீங்க குளிச்சீங்கண்ணே. செருப்பு குளிச்சுதா?"

"உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்மா. தாலி கட்டறதுக்கு முன்னாடி அவனையும் தொட்டியில முக்கித்தான் எடுப்பே."

"அப்பவும் பிரஷ் போட்டுத் தேச்சப்புறம்தான்ணே."

இப்படியிருக்கையில் முதலாளியின் நண்பர் பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பறவைக்காய்ச்சலாக இருக்குமோ என்று ஊரே பேசியது. நண்பர் வீட்டில் துக்கம் என்றால் போகாமல் இருக்க முடியுமா? அதுவும் ஒன்றா இரண்டா, நாலாயிரம் சாவு. முதலாளி போனார். கொட்டகைக்குள்ளேயே நடந்து, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக் கண்கலங்கினார். நண்பரின் தோளைத் தட்டினார். அங்கிருந்து நேராகத் தன் பண்ணை வாசலில் வந்து இறங்கினார்.

அவள் குறுக்கே நின்றாள்.

"அய்யா, அங்க மிதிச்ச காலோட உள்ள வராதீங்க. வீட்டுக்குப் போய்க் குளிச்சு, துணிமணி, செருப்பு எல்லாம் மாத்திட்டு, நாலு நாள் கழிச்சு வாங்க."

"என் பண்ணைக்கு நான் வர உங்கிட்ட நாள் பார்க்கணுமா?"

"காலையாவது நனைங்கய்யா."

"தோல் ஷூம்மா இது. மருந்து பட்டா வெளுத்துடும்."

ஐம்பது வயதில் மனிதர் தாண்டிய அழகைச் சொல்லியாக வேண்டும். முதலில் தொந்தி போனது, பின்னாலேயே கால்கள் போய்ச் சேர்ந்தன. ஷூவில் ஒரு சொட்டு படவில்லை. முதலாம் கொட்டகை, இரண்டாம் கொட்டகை என்று வழக்கம்போல் ஒரு சுற்று வந்தார். வந்துபோகிறவர்களைக் குறித்துவைக்கும் வாசல் நோட்டில் அவள் எழுதினாள்: "முதலாளி. கோழி செத்த பண்ணையிலிருந்து வந்தார். காலை நனைக்கவில்லை."

ஐந்தாம் நாள் முட்டை குறைந்தது. வந்த முட்டையும் ஓடில்லாத தோல்முட்டை. மறுநாள் கொண்டைகள் நீலம் பாய்ந்து, தலை வீங்கி நாற்பது கோழிகள் செத்தன. முதலாளி நோயைக் கண்டுபிடித்துவிட்டார்: வெயில். அடுத்த நாள் நானூறு. அன்று வானம் மூடியிருந்ததால் நோயைத் தண்ணீர் என்று மாற்றினார். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவள் அரசுக் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தாள்.

பரிசோதனையில் பறவைக்காய்ச்சல்தான் என்று தெரிந்ததும் அரசு ஆட்கள் வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக வந்தார்கள். மிச்சமிருந்த கோழிகளையும் கொன்று, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். முட்டையும் தீவனமும் அதே குழிக்குப் போயின. சுற்றுவட்டாரத்தில் வீட்டுக் கோழிகளையும் விடவில்லை. அத்தை அவளைத் தெருவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பத்திரமா இருக்கட்டும்னு கொண்டாந்து குடுத்தியேடி! நல்லா பத்திரம் பண்ணினே!"



நோய் எப்படி வந்தது என்று விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் மூன்றாம் பேருக்குத் தெரியாமல் போன் செய்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், குரல் தேனாக இருந்தது.

"நோட்டுல அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சுடும்மா. ஒரு வருஷம் முழுசா வேலை பார்த்தேன்னே எழுதித் தர்றேன். நல்லா படி."

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. காலையில் அதிகாரி வந்ததும் நோட்டை அந்தப் பக்கத்துக்குத் திருப்பியே நீட்டினாள். அவர் படித்தார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி டீ சொன்னார். டீ குடித்து முடித்தபின் அறிக்கை எழுதப்பட்டது. நோயைக் கொண்டுவந்தவை வானத்தில் பறந்து போன காட்டுப் பறவைகளாக இருக்கலாம். பறவைகள் தரப்பில் மறுப்பு எதுவும் வரவில்லை.

வெளியே போகும்போது அதிகாரி தொட்டியில் காலை நனைத்தார். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்ததால் முதலாளியும் இரண்டு ஷூவையும் முழுக்க நனைத்தார். காப்பாற்ற உள்ளே ஒரு கோழிகூட இல்லாத நாளில் தோல் ஷூ வெளுத்தது.

கடிதத்தையும் அன்றே கொடுத்தார். "இவர் எங்கள் பண்ணை வாசலில் பதினோரு மாதம் கிருமித் தடுப்புப் பொறுப்பில் இருந்தார். இவர் பொறுப்பில் இருந்தபோதுதான் பறவைக்காய்ச்சல் வந்து கோழிகள் அனைத்தும் அழிந்தன."

"அய்யா, இதை வெச்சுக்கிட்டு யாரு எனக்கு இடம் குடுப்பாங்க?"

"இதுல எதும்மா பொய்? உனக்குத்தான் பொய்யே ஆகாதே!"

அவள் கடிதத்தை நாலாக மடித்தாள். வாசலுக்கு வந்து செருப்பைப் பிரஷால் தேய்த்தாள், ஒன்றை முடித்து மற்றதை. இரண்டு காலையும் தொட்டியில் வைத்து, சுவரில் எழுதியிருந்தபடியே நனைத்தாள். பிறகு வாசல் நோட்டைத் திறந்து, யாரும் கேட்காமலேயே கடைசி வரியை எழுதினாள்:

"வாசல் காவல் பெண். வெளியே போனார். காலை நனைத்தார்."